கொரிய மக்களும் பேஸ்பால் ஆட்டமும்



ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டு மன்னர்களையும் போர்களையும் சட்டங்களையும் ஆராய்கின்றனர். அந்நாட்டு மக்கள் மாலை வேளையில் எங்கே கூடினர், எதைக் கண்டு ஆரவாரித்தனர், எந்தத் தோல்விக்காகக் கண் கலங்கினர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும் என்பது என் கருத்து. அவ்வகையில் தென் கொரியாவில் தொழில்முறை ஆட்டமாக விளங்கும் பேஸ்பாலைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். மாணவர்களாகிய நீங்கள் இதனை ஆட்டக் கதையாகவே கேட்கலாம். ஆயினும் இதனுள் ஓர் அரசியற் கேள்வியும் அடங்கியிருக்கிறது. ஆள்வோர் தம் நலங்கருதி மக்களுக்கு ஒன்றைக் கொடுக்கின்றனர். மக்கள் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். பின்னர் அப்பொருள் யாருடையது? கொடுத்தவர் எண்ணத்துக்கு அது கட்டுப்பட்டு நிற்குமா? பெற்றவர் கையில் வேறொன்றாக வளருமா? இக்கேள்விக்குக் கொரியரின் பேஸ்பால் ஒரு விடை தருகிறது.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கிரிக்கெட்டை அறிந்தவர்க்கு இதனை அறிதல் எளிது. இங்கும் ஒருவர் பந்தை எறிவார். மற்றொருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் பந்து தரையில் பட்டு எழாமல் நேரே பாய்ந்து வரும். மட்டையும் தட்டையாக இராது. உருண்டு திரண்ட தடியாக இருக்கும். அடித்தவர் சதுரமாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்தையே மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். பந்து எல்லைச் சுவரைக் கடந்து விழுமாறு அடித்தால் அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். அப்போது அடித்தவரோடு தளங்களில் நிற்கும் தோழர்களும் ஒருசேர வந்து சேர்வர். மூன்று தளங்களிலும் ஆள் நிற்கும்போது அவ்வாறு அடித்தால் ஒரே அடியில் 4 ஓட்டங்கள் கிட்டும். அணிக்கு ஒன்பதின்மர். மூவர் ஆட்டமிழந்தால் ஓர் அணியின் முறை முடியும். இவ்வாறு இரண்டு அணிகளும் 9 சுற்றுகள் ஆடும். அப்போதும் சமமாக நின்றால் மேலும் சில சுற்றுகள் தொடரும். பந்தெறிபவரே இவ்வாட்டத்தின் உயிர்நாடி. ஒரு முழு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் தோளின் முழு வலிமையோடு எறிய வேண்டியிருத்தலால், ஒரு நாள் எறிந்தவர் நான்கைந்து நாள் ஓய்வு கொள்வது வழக்கம். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

இவ்வாட்டம் கொரியாவில் பிறந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சியோல் நகரின் கிறித்தவ இளைஞர் சங்கத்தில் பணியாற்றிய பிலிப் ஜில்லெட் என்னும் அமெரிக்கச் சமயத் தொண்டர் அங்குள்ள இளைஞர்க்கு இதனைக் கற்பித்தார். 1910இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. ஜப்பானியர் பேஸ்பாலில் பெரும் பற்றுடையவர். ஆதலின் கொரியர் அடிமைப்பட்டுக் கிடந்த 35 ஆண்டுகளில் இவ்வாட்டம் அவர்தம் பள்ளிகளில் வேரூன்றியது. 1925இல் சியோலின் கீழை வாயிலருகே ஜப்பானிய ஆட்சி ஒரு விளையாட்டரங்கம் அமைத்தது. 1928இல் லீ யோங்-மின் என்னும் கொரிய மாணவர் அவ்வரங்கின் முதல் ஹோம் ரன்னை அடித்தார். ஆள்வோரின் ஆட்டத்தை ஆள்வோரின் அரங்கிலேயே ஆடி மேம்படுதல் அடிமைப்பட்ட மக்களுக்கு ஒருவகைப் பெருமிதம். நம் நாட்டில் கிரிக்கெட் வளர்ந்த வரலாற்றை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது.

1945இல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் இரண்டு துண்டாயிற்று. 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த போர் ஊர்களைச் சாம்பலாக்கியது. அவ்வழிவுக்குப் பின்னரும் பள்ளி மாணவர் ஆட்டம் தழைத்தது. செய்தித்தாள்கள் கொடிகளைப் பரிசாக வைத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே போட்டிகளை நடத்தின. நாட்டுப்புறத்தை விட்டுத் தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர்கள், தங்கள் ஊர்ப் பள்ளி ஆட வருகிறது என்று கேட்டால் வேலை முடிந்தும் முடியாமலும் அரங்கை நோக்கி விரைந்தனர். ஊரை விட்டு வந்தவர்க்கு ஊர் தம்மைத் தேடி வந்தது போன்ற மகிழ்ச்சி அது. 1972ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'பொற்சிங்கக் கொடி'க்கான இறுதிப் போட்டி நடந்தது. மேற்குக் கடற்கரையில் உள்ள குன்சான் என்னும் சிறு துறைமுக நகரின் வணிகப் பள்ளியும், பெருநகராகிய பூசானின் பள்ளியும் மோதின. கடைசிச் சுற்று வந்தபோது குன்சான் 1-4 எனப் பின்தங்கியிருந்தது. அந்த ஒரே சுற்றில் அச்சிறுவர்கள் 4 ஓட்டங்கள் எடுத்து 5-4 என வென்றனர். தோல்வியின் வாயிலிருந்து வெற்றியைப் பறிப்பவர் என்னும் பட்டம் அப்பள்ளியின் பெயரோடு நிலைத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நாடு இவ்வளவு உருகியது என்பதை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்தது விளங்கும்.

இனி அரசியலுக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு அக்டோபரில், 18 ஆண்டுகள் நாட்டை ஆண்ட பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் சுன் டூ-ஹ்வான் என்னும் படைத்தலைவர் இராணுவத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் நாடெங்கும் இராணுவச் சட்டத்தை விரித்தபோது, தென்மேற்கில் உள்ள குவாங்ஜு நகர மாணவர் எதிர்த்து எழுந்தனர். அவர்களை அடக்க வான்குடைப் படையினர் அனுப்பப்பட்டனர். மே 18 முதல் 27 வரை அந்நகரத் தெருக்களில் குருதி சிந்தியது. மாணவரும் தொழிலாளரும் கடைக்காரருமாகப் பலர் மாண்டனர், காணாமற்போனவரும் பலர். நிகழ்ந்ததை எழுதச் செய்தித்தாள்களுக்கு உரிமை இல்லை. வாய்விட்டு அழவும் அம்மக்களுக்கு இடமில்லை.

இவ்வாறு அரியணை ஏறியவர் மக்கள் மனத்தை வேறு பக்கம் திருப்ப விரும்பினார். 1980 டிசம்பரில் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. 1981இல் சியோலுக்கு ஒலிம்பிக் விழா உறுதியாயிற்று. 1982 சனவரியில், 36 ஆண்டுகளாக நிலவிய நள்ளிரவு ஊரடங்கு நீக்கப்பட்டது. திரை, விளையாட்டு, சிற்றின்பம் ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குதலால், 'மூன்று எஸ் கொள்கை' என்று மக்கள் இவ்வாட்சி முறையை எள்ளி நகைத்தனர். தொழில்முறைப் பேஸ்பால் இந்தச் சூழ்நிலையில்தான் பிறந்தது. 1981 டிசம்பரில் கொரியப் பேஸ்பால் அமைப்பு நிறுவப்பட்டது. குழந்தைகளுக்குக் கனவு, இளைஞர்க்கு இனிமை, குடிமக்களுக்கு நல்ல பொழுதுபோக்கு என்பன அது அறிவித்த நோக்கங்கள். குவாங்ஜு மக்கள் இதனைப் படித்தபோது என்ன எண்ணியிருப்பர் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆறு அணிகள் அமைந்தன. ஆறும் பெருநிறுவனங்களின் உடைமை. தின்பண்டம் செய்வோர் இருவர், பீர் காய்ச்சுவோர் ஒருவர், எஃகுத் தொழிலர் ஒருவர், ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று, பெருவணிகக் குழுமம் ஒன்று. அணிகளின் பெயரில் முன்நின்றது நிறுவனத்தின் பெயரே. ஊரின் பெயர் அன்று. சியோலுக்கு எம்.பி.சி. சுங்யோங், தேகுவுக்குச் சாம்சங் லயன்ஸ், பூசானுக்கு லோத்தே ஜயண்ட்ஸ், குவாங்ஜுவுக்கு ஹேத்தே டைகர்ஸ், இஞ்சோனுக்குச் சம்மி சூப்பர்ஸ்டார்ஸ், தேஜோனுக்கு ஓ.பி. பேர்ஸ். ஆனால் இவ்வமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. ஆட்டக்காரர் எந்த வட்டாரத்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றாரோ அவ்வட்டாரத்து அணியிலேயே சேர்க்கப்பட்டார். பள்ளி ஆட்டத்தில் ஊறியிருந்த ஊர்ப்பற்றை அப்படியே தொழில்முறை ஆட்டத்துக்கு மடைமாற்றுதற்கு இஃது ஏற்ற வழி. சட்டையில் எழுதியது நிறுவனத்தின் பெயராயினும், சட்டைக்குள் நின்றவன் மக்களின் சொந்த ஊர்ப் பிள்ளை. கொடுத்தவர் அறிந்தோ அறியாமலோ, ஆட்டம் மக்கள் கைக்குச் செல்வதற்கான வாயில் இதனால் திறந்துவிடப்பட்டது.

1982ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தொடக்க விழா. ஜப்பானியர் அமைத்தது என்று நான் குறிப்பிட்ட அதே அரங்கில் சுன் டூ-ஹ்வான் வந்து முதற் பந்தை எறிந்தார். அவர் எறிந்த பந்தை இன்று யாரும் போற்றுவதில்லை. மக்கள் நினைவில் நிற்பது அன்று மாலை எறியப்பட்ட வேறொரு பந்து. சாம்சங் அணியின் லீ சொன்-ஹீ பேர்பெற்ற இடக்கைப் பந்தெறியாளர். ஆட்டம் 7-7 எனச் சமமாகிப் பத்தாவது சுற்றுக்குச் சென்றது. மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, அவர் எறிந்த பந்தை எம்.பி.சி. அணியின் லீ ஜோங்-தோ சுவருக்கு அப்பால் செலுத்தினார். 11-7 என ஆட்டம் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வாகையர் தொடரின் இறுதி ஆட்டத்தில் அதே லீ சொன்-ஹீ மீண்டும் எறிய வந்தார். ஒன்பதாம் சுற்றில் மூன்று தளங்களும் நிறைந்திருந்தன. ஓ.பி. அணியின் கிம் யூ-தோங் அவர் பந்தை ஹோம் ரன்னாக அடித்தார், ஓ.பி. முதல் வாகை சூடியது. ஆண்டின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் ஒரே மனிதர் ஒரே வகையில் வீழ்ந்தார். வென்றவர்களைப் போலவே கலங்கி நின்ற அவரையும் கொரியர் மறக்கவில்லை. ஒரு படைத்தலைவர் விரும்பிய கேளிக்கையில் இத்தகைய துயரத்துக்கு இடமில்லை. ஆட்டமே அதனைத் தன்னியல்பாகக் கொண்டுவந்து சேர்த்தது.

இஞ்சோன் நகரின் சம்மி அணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவ்வணி முதலாண்டில் ஆடிய 80 ஆட்டங்களில் 15 வென்று 65 தோற்றது. மறு ஆண்டில், ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியராகிய ஜாங் மியோங்-பு என்னும் பந்தெறியாளர் வந்து, தனி ஒருவராக 427 சுற்றுகளுக்கு மேல் எறிந்து 30 வெற்றிகளைத் தேடித் தந்தார். அவ்வளவு உழைப்பை எந்தத் தோளும் நெடுநாள் தாங்காது. 1985இல் அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்று, வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இத்தகைய அணியை யார் நினைவிற் கொள்வர் என்று நீங்கள் கேட்கலாம். 2003இல் பார்க் மின்-கியு என்னும் எழுத்தாளர், இவ்வணியின் கடைசி ரசிகர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அது பெரும் வரவேற்புப் பெற்றது. போட்டியில் வென்றே ஆகவேண்டும் என்று ஓயாது விரட்டப்பட்ட ஒரு சமுதாயத்துக்கு, தோற்றவர்களின் நினைவு ஆறுதலாக அமைந்தது.

இனி குவாங்ஜுவுக்கு வருவோம். குவாங்ஜு நகரைத் தன்னகத்தே கொண்ட ஜொல்லா வட்டாரம் தொழில் வளர்ச்சியில் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட பகுதி. பார்க், சுன் ஆகிய இருவரும் தென்கிழக்கு வட்டாரத்தவர். ஆலைகளும் அலுவல்களும் பெரிதும் அத்திசையே சென்றன. ஹேத்தே டைகர்ஸ் தொடக்கத்திலேயே எளிய அணி. ஒன்பதின்மர் ஆடும் ஆட்டத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து பேரே அதில் இருந்தனர். குன்சான் வணிகப் பள்ளியில் பயின்ற கிம் சோங்-ஹான் முதலாண்டில் பந்தெறிந்து 10 ஆட்டங்களை வென்றார். அதே ஆண்டில் மட்டை பிடித்து 69 ஓட்டங்களுக்குக் காரணமாகவும் இருந்தார். ஆள் போதாமையால் ஒருவரே இருவர் வேலையைச் செய்த கதை இது.

அந்த எளிய அணி 1983இல் முதல் வாகை சூடியது. 1986 முதல் 1989 வரை நான்காண்டுகள் தொடர்ந்து வென்றது. 1997க்குள் ஒன்பது முறை வாகை சூடிவிட்டது. சொன் தோங்-யோல் என்னும் குவாங்ஜு இளைஞர் அதன் ஒப்பற்ற பந்தெறியாளர். அவர் எறிந்த காலம் முழுவதையும் கணக்கிட்டால், 9 சுற்றுகளுக்குச் சராசரி 1.20 ஓட்டமே விட்டுக்கொடுத்தார். அணியை நடத்திய கிம் ஊங்-யோங் வட கொரியப் பகுதியில் பிறந்து, போர்க் காலத்தில் தெற்கே வந்தவர். ஊரிழந்த ஒருவர், உறவிழந்த ஒரு நகரின் அணியை வெற்றி மேல் வெற்றிக்கு அழைத்துச் சென்றார்.

குவாங்ஜுவில் டைகர்ஸ் ஆடிய இடம் முதுங் விளையாட்டரங்கம். 1980 மே 20ஆம் நாள் வாடகைக்கார் ஓட்டுநர்கள் தங்கள் வண்டிகளோடு திரண்டு, விளக்குகளை ஏற்றிக்கொண்டு படையினரை நோக்கி அணிவகுத்துப் புறப்பட்டதும் அவ்விடத்திலிருந்தே. இரண்டே ஆண்டுகளில் அங்கே பேஸ்பால் கொடி ஏறியது. பலர் கூடுதல் குற்றம் என்றிருந்த காலத்தில், பல்லாயிரவர் சட்டப்படி ஒன்றாக அமர்ந்து உரக்கக் குரலெழுப்ப உரிமை பெற்ற ஒரே இடம் ஆட்ட அரங்கமே. அங்கே அவர்கள் 'மொக்போவின் கண்ணீர்' என்னும் பழைய பாடலைப் பாடினர். ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பிறந்த சோகப் பாடல் அது. வெற்றி விழாவுக்கு உரியதன்று. வென்ற நாளிலும் அவர்கள் அதனையே பாடினர். தங்கள் மண்ணின் தலைவரும் சுன் ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டவருமாகிய கிம் டே-ஜுங் அவர்களின் பெயரை அரங்கில் முழங்கினர் என்றும் அக்காலத்தவர் நினைவுகூர்ந்திருக்கின்றனர். மே 18ஆம் நாள் குவாங்ஜுவில் ஆட்டம் அமையாதபடி பல ஆண்டுகள் அட்டவணை வகுக்கப்பட்டது என்பதிலிருந்தே, அக்கூட்டத்தை ஆள்வோர் எவ்வாறு மதித்தனர் என்பது விளங்கும். மறக்கச் செய்வதற்காகக் கொடுக்கப்பட்ட ஆட்டத்தில் அம்மக்கள் நினைவைக் காத்துவைத்தனர்.

1997ஆம் ஆண்டு அக்டோபரில் ஹேத்தே ஒன்பதாம் முறையாக வென்றது. அடுத்த மாதமே நாட்டைப் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று. ஹேத்தே நிறுவனம் நொடித்துப் போயிற்று. அதற்கடுத்த மாதம் கிம் டே-ஜுங் நாட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அணி 2001இல் கியா நிறுவனத்திடம் சென்றது. நிறுவனம் மாறியதேயன்றி 'டைகர்ஸ்' என்னும் பெயர் மாறவில்லை, ஊரும் மாறவில்லை.

அடுத்துப் பூசான் நகரின் சோய் தோங்-வொன். பந்தெறிபவர் நான்கைந்து நாள் ஓய்வு கொள்வது வழக்கம் என்று முன்னர்க் கூறினேன். 1984ஆம் ஆண்டு வாகையர் தொடரில், செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 9 வரை பத்தே நாட்களில் இவர் ஐந்து ஆட்டங்களில் எறிந்து, நான்கை வென்று, பூசானுக்கு முதல் வாகையைத் தேடித் தந்தார். ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் நான்கு வெற்றிகளே போதும்; அந்நான்கும் ஒரே தோளிலிருந்து வந்தன. மொத்தம் 40 சுற்றுகள்! எதிரே நின்ற சாம்சங் செல்வத்திலும் திறத்திலும் மேம்பட்ட அணி. இறுதித் தொடரில் எளிதில் வெல்லலாம் என்று எண்ணி, அதற்கு முந்தைய ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்று, லோத்தேயைத் தனக்கு எதிரியாகத் தேர்ந்துகொண்டது என்ற பழியும் அவ்வணிக்கு உண்டு.

1987 மே 16ஆம் நாள் பூசான் அரங்கில் சோய் தோங்-வொன்னும் குவாங்ஜுவின் சொன் தோங்-யோலும் எதிரெதிர் நின்றனர். அதற்கு முன் நேருக்கு நேர் எறிந்த இரு ஆட்டங்களில் ஒன்றை இவரும் ஒன்றை அவரும் வென்றிருந்தனர். அன்று 9 சுற்றுகள் முடிந்தன; ஆட்டம் சமம். 15 சுற்றுகள் முடிந்தன. அப்போதும் 2-2 எனச் சமம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இருவரும் களம் விட்டு அகலவில்லை. சோய் 209 முறையும் சொன் 232 முறையும் எறிந்தனர். இருவரில் எவரும் தோற்கவில்லை என்பதனாலேயே அந்நாளைக் கொரியர் இன்றும் போற்றுகின்றனர். 2011இல் அதனைத் திரைப்படமாகவும் எடுத்தனர். அந்த ஆட்டம் நிகழ்ந்த அடுத்த மாதத்தில், 1987 ஜூனில், நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினர். ஜூன் 29ஆம் நாள், நாட்டுத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஆட்சி இணங்கிற்று. ஆறாண்டுகளாக ஆட்டம் கண்டு களித்த மக்களே அந்த ஊர்வலங்களிலும் நடந்தனர். விளையாட்டு அவர்களை உறங்க வைத்துவிடவில்லை.

மறு ஆண்டில் சோய் வேறொரு போராட்டத்தைத் தொடங்கினார். ஆட்டக்காரரின் ஊதியமும் எதிர்காலமும் முற்றிலும் அணி உரிமையாளர் கையில் இருந்தன. சோய்க்கு ஊதியத்தால் குறையில்லை. ஆயினும் குறைந்த ஊதியத்தில் அல்லலுற்ற சக ஆட்டக்காரர்க்காக 1988இல் ஒரு சங்கம் அமைக்க முன்வந்தார். உரிமையாளர்கள் உடன்படவில்லை; சங்கம் உருப்பெறவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே பூசானின் செல்லப் பிள்ளையாகிய அவர் சாம்சங் அணிக்கு மாற்றப்பட்டார். அது பழிவாங்கும் செயல் என்றே பலர் கருதினர். சில ஆண்டுகளில் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. ஆட்டக்காரர் சங்கம் 2000ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2011இல் சோய் காலமானார். அவர் அணிந்த 11ஆம் எண்ணை இனி எவரும் அணிவதில்லை என்று லோத்தே அணி அறிவித்தது. 2013இல் பூசான் அரங்கின் வெளியே அவருக்குச் சிலை எழுந்தது. மக்கள் வெற்றியாளருக்குச் சிலை வைப்பது இயல்பு. பூசான் மக்கள் வைத்த சிலை, பிறருக்காகத் தம் இடத்தை இழந்த ஒருவருக்கும் ஆகும் என்பதை அதன் முன் மலர் வைப்போர் அறிவர்.

இவ்வளவும் கேட்டபின், ஆட்டம் நன்மையே விளைத்தது என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. ஊர்ப்பற்று எளிதில் ஊர்ப்பகையாக மாறும். 1986ஆம் ஆண்டு வாகையர் தொடரின்போது தேகு நகரில், தோல்வியைத் தாங்காத கூட்டம் ஹேத்தே அணியின் பேருந்துக்குத் தீ வைத்தது. தென்கிழக்கும் தென்மேற்கும் ஒன்றையொன்று வெறுக்க வேண்டும் என்று விரும்பிய அரசியலாருக்கு, வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்த அணிகள் வாய்ப்பாகவே அமைந்தன. நிறுவனங்களின் பிடியும் தளரவில்லை. உரிமையாளர் மாறும்போது ஊராருக்கு ஒரு சொல் சொல்லும் உரிமையும் இல்லை. இவை குறைகளே. ஆயினும் எய்தவன் இருக்க அம்பை நோவது முறையன்று. படைத்தலைவர் தொடங்கி வைத்தார் என்பதற்காக அம்மக்களின் மகிழ்ச்சியைப் பொய் என்று தள்ளுவதும் முறையன்று.

அப்படைத்தலைவர் என்ன ஆனார்? 1996இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து மரண தண்டனை விதித்தது. பின்னர் அஃது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1997 இறுதியில் மன்னிப்பும் கிடைத்தது. 2021இல் அவர் இறந்தார். அவர் முதற் பந்தை எறிந்த அரங்கமும் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2014இல் ஒரு புதிய கலைக்கூடம் திறக்கப்பட்டது. ஆட்டமோ வளர்ந்தது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொரிய அணி 9 ஆட்டங்களிலும் வென்று பொற்பதக்கம் பெற்றது. ஆறாக இருந்த அணிகள் 2015இல் பத்தாயின. முதலாண்டில் ஆட்டம் காண வந்தவர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். 2024இல் அத்தொகை முதன்முறையாக 1 கோடியைத் தாண்டியது. மறு ஆண்டில் 1 கோடியே 20 இலட்சத்தையும் கடந்தது. வருவோரில் இளம்பெண்கள் பெருந்தொகையினர்.

அங்கே செல்வோர் வாய்மூடி அமர்ந்து ஆட்டம் காண்பதில்லை. ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு தனிப் பாட்டு உண்டு. அவர் களம் புகும்போது அரங்கம் முழுவதும் எழுந்து அதனைப் பாடும். அணி பத்து ஓட்டம் பின்தங்கினாலும் பாட்டு நிற்பதில்லை. பாட்டனார் குவாங்ஜுவில் கேட்ட பாட்டைப் பேத்தி சியோலில் பாடுகிறாள். அதன் பின்னே உள்ள வரலாற்றை அவள் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம். அறியச் செய்வது கல்வியின் கடமை.

மாணவ நண்பர்களே! தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புகிறேன். கொடுக்கப்பட்ட பொருள் யாருடையது? அதற்காக உழைத்தவருடையது, அதனோடு சேர்ந்து அழுதவருடையது, அதனைப் பேணித் தம் மக்களுக்கு விட்டுச் சென்றவருடையது. அமெரிக்கத் தொண்டர் கொணர்ந்த ஆட்டம், ஜப்பானிய ஆட்சியாளர் வளர்த்த ஆட்டம், ஒரு படைத்தலைவர் தம் பழியை மறைக்க விரித்த ஆட்டம் இன்று கொரிய மக்களுடைய ஆட்டமாகத் திகழ்கிறது. உங்களுக்கும் பல பொருள்கள் பல நோக்கத்தோடு கொடுக்கப்படும். கொடுப்பவர் நோக்கம் யாது என்று தவறாமல் கேளுங்கள். கேட்டறிந்த பின், அதனை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளும் வலிமை உங்களிடம் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.